தனியாள் வேலை: விழுந்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வரும்?

தனியாக வேலை பார்ப்பவர்களுக்கென்று தயாரிக்கப்படும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: என்ன விபத்து நடக்கலாம்? வழுக்கி விழலாம், ஷாக் அடிக்கலாம், யாராவது தாக்கலாம். நாலு பேர் சேர்ந்து பார்க்கும் வேலைக்கும் இதே பட்டியல் அப்படியே பொருந்தும். தனியாளுக்கு மட்டுமே உரிய கேள்வி வேறு. அடிபட்ட நொடியிலிருந்து இன்னொருவர் அவர் பக்கத்தில் வந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகும்? அந்தக் காயம் அத்தனை நிமிடம் பொறுக்குமா?

நடக்கும் வாய்ப்புக்கு ஐந்து, விளைவின் தீவிரத்துக்கு ஐந்து என்று ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் மதிப்பெண் போடுபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். தனியாள் என்றதும் 'நடக்கும் வாய்ப்பு' பத்தியில் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஏணியிலிருந்து வழுக்குவதற்கான வாய்ப்பு கீழே ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் பெரிதாக மாறாது. மாறுவது விளைவு. தொடை எலும்பு முறிந்தவர் பக்கத்தில் ஆள் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆள் இல்லாமல் இரவு முழுக்கக் கிடந்தால் இறந்தே போகலாம். ஆகவே கூட்ட வேண்டியது தீவிரத்தின் எண்ணை. இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே பாதிப் படிவங்கள் மஞ்சளிலிருந்து (நடுத்தர ஆபத்து) சிவப்புக்கு (பெரிய ஆபத்து) மாறிவிடும்.

யார் தனியாள் என்பதிலேயே குழப்பம் உண்டு. காவலாளி, வீட்டுக்கு வரும் நர்ஸ், மீட்டர் பார்ப்பவர், இரவு பெட்ரோல் பங்க் ஊழியர் ஆகியோர் பட்டியலில் வந்துவிடுவார்கள். விடுபடுவது தற்செயலாகத் தனியாகிறவர்கள். ஷிஃப்ட் முடிந்து கடைசியாகப் பூட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை சர்வரைப் பார்க்க வந்தவர், கூட்டாளி சாப்பிடப் போன அரை மணி நேரம் இயந்திரத்தோடு இருப்பவர், ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தினால் கேட்காத தூரத்தில் இருப்பவர். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தால் அவர் தனியாள்தான், சம்பளப் பட்டியலில் குழு என்று எழுதியிருந்தாலும். இவர்களைப் பிடிக்க மேலாளரைக் கேட்பதைவிட வாசல் கார்டு பதிவையும் ஓவர்டைம் தாளையும் ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்ப்பது மேல்.

இனி கணக்கு.

முதலில் காயத்தின் பக்கம். இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளைக்குச் சேதம் தொடங்கும். உயரத்திலிருந்து விழுந்து, உடலில் மாட்டிய பாதுகாப்புப் பட்டையில் அசைவற்றுத் தொங்குபவர் அரை மணிக்குள் இறக்கக்கூடும் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா எச்சரிக்கிறது. வெயில் தாக்கி நிதானம் இழந்தவருக்கு உடலைக் குளிரவைப்பது நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். கணுக்கால் முறிவு, முதுகுப் பிடிப்பு போன்றவை மணிக்கணக்கில் தாங்கும், இடம் குளிராகவோ கொதிப்பாகவோ இல்லாத வரை.

அடுத்தது மீட்பின் பக்கம். மணிக்கொரு முறை போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு என வைத்துக்கொள்வோம். போன் செய்துவிட்டு ஒரு நிமிடத்தில் ஆள் விழுகிறார். அடுத்த அழைப்பு நேரம் வர 59 நிமிடம். 'மறந்திருப்பார்' என்று கொடுக்கும் சலுகை 10. திரும்பத் திரும்ப அழைத்துப் பார்ப்பது 10. யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க 5. வண்டி போய்ச் சேர 30. உள்ளே எந்த மூலையில் கிடக்கிறார் என்று தேட 10. கூட்டினால் 124 நிமிடம். மணிக்கொரு அழைப்பு என்பதைக் கேட்கும்போது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்று தோன்றும். நடைமுறையில் இரண்டு மணி நேரம் தாண்டுகிறது. அரை மணிக்கொரு முறை என்று மாற்றினாலும் 94.

அசைவு நின்றால் தானே அலறும் கருவியைக் கொடுத்தால்? அசைவில்லாத நேரமும் முன்னெச்சரிக்கை ஒலியும் சேர்ந்து 2 நிமிடம், முடிவெடுக்க 5, வண்டி 30, தேடல் 10. மொத்தம் 47. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனாலும் ஐந்து நிமிட ரத்தப்போக்குக்கு 47 நிமிடம் உதவாது. கருவி குறைப்பது விஷயம் தெரியவரும் நேரத்தை மட்டும். வண்டி ஓடும் நேரத்தை எந்தக் கருவியாலும் சுருக்க முடியாது. 'எல்லாருக்கும் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டோம்' என்று மதிப்பீட்டை முடித்து வைப்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முடிவு தானாக விழும். காயம் தாங்கும் நேரம் மீட்பு நேரத்தைவிட அதிகமென்றால் தனியாக அனுப்பலாம், அழைப்பு ஏற்பாடு போதும். குறைவென்றால் மூன்றே வழி: ஆபத்தையே எடுத்துவிடு, இரண்டாவது ஆளைப் போடு, அல்லது அவரே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடு. மூன்றாவது வழி எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. ஆனால் கை காலில் வெட்டு விழும் வேலைக்கு இடுப்பிலேயே ஒரு டூர்னிகே பட்டை (ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை), அதை ஒற்றைக் கையால் இறுக்கும் பயிற்சி என்பது உண்மையிலேயே உயிர் காக்கும். முதலுதவிப் பெட்டி வண்டிக்குள் இருக்கிறது என்பது கணக்கில் சேராது. வண்டி இருநூறு அடி தள்ளி நிற்கும்.

சில வேலைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், தனியாக அனுப்பவே கூடாது. தொட்டி, கிணறு, சாக்கடைக் குழி, சைலோ (தானியம் போன்றவற்றைச் சேமிக்கும் உயரமான கலன்) போன்ற அடைபட்ட இடங்கள் முதலிடம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. பத்துக்குக் கீழே என்றால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் சுருண்டு விழ நேரும். வெறும் துரு பிடித்த மூடிய இரும்புத் தொட்டியே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 'தண்ணீர்த் தொட்டிதானே' என்று இறங்கிவிடுகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். ஒரு பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவான அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் கொல்லும் நேரம். அதனால் கேஸ் டிடெக்டரைக் குழியின் திறப்பில் மட்டும் காட்டாமல், குழாய் இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் மேலே தேங்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தேங்கும்.

இங்கே இரண்டாவது ஆள் என்றால் என்ன வேலைக்கு என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையாஷ் 1986-ல் எச்சரிக்கை வெளியிட்டது. மேலே நிற்பவர் உள்ளே இறங்கக் கூடாது. திறப்பின் மேல் நிற்கும் மூன்று கால் தாங்கியும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் முன்கூட்டியே மாட்டி, உள்ளே இருப்பவரின் பட்டையோடு கயிறு இணைந்திருந்து, வெளியிலிருந்தபடியே இழுக்க முடிந்தால்தான் அவர் துணையாள். வெறுமனே குழியோரம் உட்கார்ந்திருப்பவர் அடுத்து விழப்போகிறவர்.

இதே வரிசையில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் கம்பியில் கைவைக்கும் வேலை, முட்டுக் கொடுக்காத பள்ளம், மரத்தின் மேல் செயின்சா, பாதுகாப்பு மூடி கழற்றிய இயந்திரம், தொங்கும் பட்டையோடு உயரத்தில் வேலை ஆகியவை வரும். பட்டை விழுந்தவரைத் தரையில் மோதாமல் காக்கும், கீழே இறக்கிவிடாது. மீட்பு ஏற்பாடு இல்லாத பட்டை பாதி ஏற்பாடுதான்.

மதிப்பீடு செய்பவர் நேரில் போய்க் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: 'வேலை மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?' படிவத்தில் எழுதியிருப்பது பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது. பம்ப் ஓடாதபோது அவர் என்ன செய்கிறார்? மூடியைத் தூக்குகிறார், ஓரத்தில் மண்டியிட்டுக் கம்பியால் குத்துகிறார், 40 கிலோ வால்வைத் தனியாகப் புரட்டுகிறார். இரண்டு பேர் தூக்க வேண்டிய சுமை என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் ஒரே ஆளை நிறுத்தினால் அவர் ஒற்றையாகத் தூக்குவார் என்பதுதான் அர்த்தம். அடிபடுவது வழக்கமான வேலையில் அல்ல, வழக்கம் தவறிய பத்து நிமிடத்தில். கன்வேயரில் சிக்கியதை எடுப்பது, கூரையில் ஒழுக்கு பார்ப்பது, ஷட்டர் இறங்காமல் நின்றால் ஸ்டூலில் ஏறுவது என எல்லாவற்றையும் கேட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரெதிரே 'செய்யலாம்' அல்லது 'நிறுத்திவிட்டுப் போன் செய்' என்று இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். 'கவனமாகச் செய்யவும்' என்பது மூன்றாவது வாய்ப்பு அல்ல. நிறுத்திவிட்டுப் போன் செய்தவருக்கு உற்பத்தி நின்றதற்காகத் திட்டு விழுந்தால், அடுத்த முறை அவர் போன் செய்யமாட்டார் என்பதையும் சேர்த்தே மதிப்பிடுங்கள்.

குளிர்பதன அறைக்குத் தனி கவனம் வேண்டும். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வெளியே பூட்டு போட்டிருந்தாலும் வேலை செய்கிறதா, பனி உறைந்து இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் உள்ளே நின்று தள்ளிப் பார்க்க வேண்டும், வெளியே ஒருவர் நிற்கும்போது. அபாய மணியின் பொத்தான் தரையோடு ஒட்டிய உயரத்தில் இருக்கட்டும். விழுந்து கிடப்பவர் கைக்கு நாலடி உயரச் சுவர் எட்டாது.

வெயிலில் தனியாக வேலை பார்ப்பவரின் சிக்கல் விசித்திரமானது. வெப்பம் முதலில் தாக்குவது நிதானத்தை. தனக்கு ஆபத்து என்பதை உணர வேண்டிய மூளையே குழம்பிவிடும். 'உடம்புக்கு முடியலைன்னா சொல்லுங்க' என்ற ஏற்பாடு அதனால்தான் இங்கே தோற்கிறது. வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பகுதி வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களில் இறப்பவர்கள். நையாஷ் சொல்லும் முறை எளியது: புதியவர் முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. பழகியவர் விடுப்பு முடிந்து திரும்பினால் முதல் நான்கு நாட்களில் முறையே 50, 60, 80, 100 சதவீதம். அந்தப் பழகும் நாட்களில் தனியாக அனுப்பாமல் இருப்பதுதான் உத்தமம். முடியாதென்றால் குறுஞ்செய்தி வேண்டாம், குரலில் பேசச் சொல்லுங்கள். 'ஓகே' என்ற எழுத்தில் குழறல் தெரியாது.

மனிதர்களால் வரும் ஆபத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். இங்கே மீட்பு நேரத்தைவிட முக்கியம், மோதல் உருவாகும் காரணத்தை முன்னாலேயே வெட்டுவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005-ல், இரவில் தனியாக இருந்த பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர் பணம் தராமல் ஓடிய காரைத் தடுக்கப் போய் உயிரிழந்தார். அதன்பின் 2008-ல் அங்கே வந்த விதி, பெட்ரோல் போடும் முன்பே பணம் கட்ட வேண்டும் என்பது. துணிச்சல் பயிற்சியோ கூடுதல் கேமராவோ செய்யாததை அது செய்தது: ஓடுவதற்கு காரணமே இல்லாமல் போனது. கல்லாவில் குறைவான பணம், ஊழியராலேயே திறக்க முடியாத நேரப்பூட்டுப் பெட்டி, திருடன் கேட்டால் கொடுத்துவிடு என்ற எழுத்துப்பூர்வமான உத்தரவு ஆகியவையும் இதே ரகம்.

அடுத்தவர் வீட்டுக்குப் போகும் ஊழியர்களுக்கு, போகும் முன் அந்த முகவரியில் ஏற்கெனவே தகராறு நடந்த பதிவு உண்டா என்று பார்க்கும் வழி வேண்டும். உள்ளே போனதும் கதவுக்குப் பக்கத்து நாற்காலி, வண்டி கிளம்பும் திசை நோக்கி நிறுத்தியிருப்பது, 'சிவப்பு ஃபைலை எடுத்து வையுங்க' என்பது போல எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வராத ஒரு சங்கேத வாக்கியம். அந்த வாக்கியம் போனை எடுக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷனிஸ்ட் 'எந்த ஃபைல் சார்?' என்று கேட்டால் ஏற்பாடு அங்கேயே முடிந்தது.

வண்டியோட்டுவதையும் வேலையாகவே எழுதுங்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனம் ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு அவசர அழைப்புக்குப் போய் வேலையைப் பத்திரமாக முடித்தவர் திரும்பும் வழியில் தூங்கிவிடுகிறார். படிவம் வேலையிடத்தின் வாசலிலேயே நின்றுவிடும். அவர் வீடு போய்ச் சேரும் வரை அது நீள வேண்டும்.

உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை. நோயின் பெயரைக் கேட்டு வாங்கும் உரிமை மேலாளருக்கு இருக்க வேண்டியதில்லை. திடீரென்று நினைவிழக்கும் வாய்ப்பு உண்டா, தனியாக இருக்கத் தகுதியா என்ற பதிலை மருத்துவரிடமிருந்து வாங்கினால் போதும். பெயரைத் துருவினால் மறைப்பார்கள்.

தொடர்பு ஏற்பாட்டுக்கு வருவோம். சிக்னல் வரைபடத்தை நம்பாதீர்கள். அந்த போனையே எடுத்துக்கொண்டு, வேலை நடக்கும் ஒவ்வொரு புள்ளியிலும், கதவு மூடி, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைத்துப் பாருங்கள். நின்று பார்த்தால் போதாது, தரையில் போனை வைத்துப் பாருங்கள். அடித்தளமும் லிஃப்ட் குழியும் பெரும்பாலும் தோற்கும். செயற்கைக்கோள் கருவிக்கு வானம் தெரிய வேண்டும், கூரைக்குக் கீழே அது பொம்மை. ஜிபிஎஸ் கட்டடத்தைக் காட்டும், ஏழாவது மாடியா மூன்றாவதா என்று காட்டாது. மாடியையும் அறை எண்ணையும் உள்ளே போகும் முன் ஊழியரே சொல்லிவிட்டுப் போக வேண்டும். கருவி உடம்பில் இருக்க வேண்டும், மேசையில் அல்ல. ஆனால் உட்கார்ந்து நெடுநேரம் வேலை பார்ப்பவருக்கு அசைவு நின்றால் அலறும் கருவி அடிக்கடி பொய்யாக அலறும். மூன்றாவது நாள் அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். அவருக்குப் பொத்தானும் நேர அழைப்பும் போதும். வேலை நேரம் முடிந்த பிறகும் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கருவி உளவு பார்க்கும் கருவியாகத் தெரியும், அதுவும் வண்டியிலேயே கிடக்கும்.

அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்பதை நிமிடத்தோடு எழுதுங்கள். நேரம் தவறிய 5-ஆவது நிமிடம் ஊழியருக்கு அழைப்பு, 8-இல் இன்னொரு முறை, 10-இல் அந்த இடத்தின் தரைவழி போனுக்கோ பக்கத்தில் இருக்கக்கூடியவருக்கோ, 15-இல் ஆள் கிளம்ப வேண்டும். வன்முறை வாய்ப்புள்ள இடமென்றால் நேரே போலீஸ். இந்தப் பொறுப்பு ஒரே ஒருவரின் போனில் தொங்கக் கூடாது. அவர் குளித்துக்கொண்டிருப்பார், தூங்கிக்கொண்டிருப்பார். முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவர், அவரும் இல்லையென்றால் மூன்றாமவர். வாய்ஸ்மெயிலில் விழுந்த தகவல் தகவலே அல்ல. ஆளை அனுப்ப மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை என்றும் ஒரு வரி இருக்கட்டும். அனுமதி கேட்கும் 20 நிமிடம் கணக்கில் எங்கேயும் தெரியாது. கூடவே வெளிவாசல் சாவி யாரிடம் என்பதும். உள்ளே கிடப்பவரின் பையிலேயே ஒரே சாவி இருந்து, ஆம்புலன்ஸ் வெளியே நிற்பது இந்தத் துறையில் புதிதல்ல.

ஏற்பாட்டை மெல்லக் கொல்லும் சில்லறைத் தவறு, வேலை முடிந்ததும் 'கிளம்பிவிட்டேன்' என்று சொல்ல மறப்பது. வாரத்துக்கு நாலு முறை இப்படி நடந்தால், ஐந்தாவது முறை கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் 'வீட்டுக்குப் போயிருப்பார்' என்று நினைப்பார். இதற்கு அறிவுரை உதவாது. சாவியைத் திருப்பிக் கொடுப்பது, வண்டி கணக்கை முடிப்பது என்று ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு அதை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

இத்தனையும் எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை. ஊழியரிடம் மட்டும் சொல்லிவைத்து, ஒரு நாள் ஒரு அழைப்பைத் தவறவிடச் சொல்லுங்கள். கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாதீர்கள். மதிய நேரம் வேண்டாம், அதிகாலை மூன்று மணி போல ஆள் குறைந்த நேரமாக இருக்கட்டும். அவரை வழக்கமான இடத்தின் உள்மூலையில் உட்காரச் சொல்லி, ஒரு ஆள் அவர் தோளைத் தொடும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். படிவத்தில் மீட்பு நேரம் என்று எழுதியிருக்கும் எண்ணை அடித்துவிட்டு, கடிகாரம் காட்டிய எண்ணை எழுதி, மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள்.